சிவப்பு வளையத்தின் எடை

அத்தியாயம் 14

ஒரே டப்பாவில் இருந்து அள்ளிய இரண்டு கைப்பிடிச் சின்னப் பிளாஸ்டிக் பாகங்கள். ஒன்று கோயம்புத்தூரில் உள்ள ஆய்வகத்துக்குப் போனது, இன்னொன்று பெங்களூருக்கு. கோயம்புத்தூர் சொன்ன அளவு 0.04 சதவீதம். பெங்களூர் சொன்ன அளவு 0.6.

ஆர்த்தி மறுபடியும் வகுத்துப் பார்த்தாள். பதினைந்து மடங்கு வித்தியாசம்.

"தராசு தப்பா இருக்கும்" என்றான் மணிகண்டன்.

"தராசு தப்புனா கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும். பதினஞ்சு மடங்கா காட்டும்?"

"அப்ப லேபுக்காரன் தப்பு."

"எந்த லேபுக்காரன்? நமக்குப் புடிக்காததச் சொன்னவனா?"

மணிகண்டன் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

கஞ்சிக்கோட்டில் இந்தக் கணவனும் மனைவியும் நடத்தும் ஷெட்டில் தயாராவது ஒரு சின்னக் கேபிள். பிறந்த குழந்தையை வெதுவெதுப்பாக வைத்திருக்க மருத்துவமனைகளில் ஒரு மேடை இருக்கும். குழந்தையின் வயிற்றில் ஒட்டிய வெப்பமானியில் இருந்து அந்த மேடையின் பெட்டிக்குப் போவதுதான் கேபிள். அது பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் மடங்கி மடங்கி ஒடிந்துவிடாமல் இருக்க, கறுப்பாக, மெத்தென்று ஒரு புஷ் மாட்டுவார்கள். சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது. அதன் கழுத்தில் ஒரு சிவப்பு வளையம். எந்தத் துளையில் செருக வேண்டும் என்று நர்ஸுக்குக் காட்டும் அடையாளம் அது.

அந்தப் புஷ்ஷை வார்த்துத் தருகிறவர் மணிகண்டனின் அண்ணன் சின்னமுத்து. சிக்கல் அங்கேதான் குடும்பத்துக்குள் நுழைந்தது.

தீபாவளிக்கு முன்பு தொழிலைப் பாகம் பிரித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வார்க்கும் இயந்திரங்கள் அண்ணனுக்கு, கேபிள் வேலை தம்பிக்கு. சண்டை எதுவும் இல்லை என்று இருவரும் ஊரெல்லாம் சொன்னார்கள். ஆனால் அன்றில் இருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வது தங்கள் மனைவிமாரின் ஃபோன் வழியாகத்தான்.

இப்போது தகராறு ஓர் எண்ணெயைப் பற்றியது. புஷ் வார்க்கும் பிவிசி பிளாஸ்டிக் தன்னளவில் தண்ணீர்க் குழாய் போல விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் சேர்ப்பார்கள். பல வருஷங்களாக எல்லோரும் சேர்த்தது டிஓபி என்ற எண்ணெய். அது பிளாஸ்டிக்குக்குள் வாடகைக்குக் குடியிருப்பது போலத்தான் இருக்கும், நிலையாகத் தங்காது. மெல்லக் கசிந்து வெளியே வரும். உடம்பின் ஹார்மோன்களை அது குழப்பக்கூடும் என்று தெரிந்த பிறகு ஐரோப்பிய நாடுகள் ஓர் எல்லை வகுத்தன: எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கேபிளை வாங்கும் பெங்களூர் நிறுவனம் தன் மேடைகளை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது.

ஆகவே ஓர் ஆய்வகத்தின்படி சின்னமுத்துவின் புஷ் சுத்தம். இன்னொன்றின்படி எல்லையைத் தாண்டி ஆறு மடங்கு.

ஃபோன் அடித்தது. அந்த நிறுவனத்துக்காகப் பாகங்களின் தரத்தைக் கவனிக்கும் மாதுரி, கல்பாத்தியில் தன் வீட்டில் இருந்தே பேசினாள்.

"ஆர்த்தி, கேட்டேளா, எங்க லேப்ல ரெண்டாம் தடவையும் பாத்தாச்சு. அதே பாயிண்ட் ஆறு."

"கோயம்புத்தூர் லேபும் அங்கீகாரம் உள்ளதுதான் மேடம்."

"தெரியும். ரெண்டு பேரும் ஒரே தரநிலையைப் பிடிச்சாக்கும் சோதிக்கறா. அதே கரைப்பான், அதே மெஷின், அதே முறை. எந்த ஊர்ல பண்ணினாலும் ஒரே விடை வரணும்னுதானே தரநிலைன்னு ஒண்ணை எழுதி வெச்சிருக்கு? வரலைன்னா என்னமோ ஒண்ணு எனக்கு மனசிலாகலை."

"எனக்கும்தான்."

"சாயங்காலம் ரிவ்யூ இருக்கு. அதுக்குள்ள காரணம் தெரிஞ்சா நான் வாதாடறேன். இல்லேன்னா அந்த புஷ் சப்ளையரை மாத்தச் சொல்லிடுவா. என் கையில ஒண்ணும் நிக்காது."

ஃபோனை வைத்தபோது மணிகண்டன் பக்கத்தில் நின்றிருந்தான். சின்னமுத்துவிடம் இருப்பது இரண்டு இயந்திரங்கள். இரண்டிலும் ஓடுவது இந்தப் புஷ்தான். வேறு ஆர்டர் இல்லை. தம்பி மனைவியின் ஒரு வார்த்தையில் அண்ணன் ஷெட்டுக்குப் பூட்டு விழும்.

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு" என்றான்.

"நான் சொன்னனா?"

"உன்ற மூஞ்சி சொல்லுது."

"என் மூஞ்சி கணக்குப் போடுது. வண்டிய எடுங்க."

கொழிஞ்சாம்பாறைக்கு வெளியே, பனைமரங்களுக்கு நடுவே சின்னமுத்துவின் ஷெட். மலைக் கணவாய் வழியாக வீசும் காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. வாசலில் கழிவுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மருதாத்தாள் நிமிர்ந்தாள்.

"அட, வாங்க வாங்க! தீவாளிக்கப்புறம் இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

சின்னமுத்து இயந்திரத்தை விட்டுத் திரும்பவில்லை. "மருதா, வந்தவியளுக்குத் தண்ணி குடு."

மணிகண்டன் ஆர்த்தியிடம் சொன்னான்: "தண்ணியெல்லாம் வேண்டாம், வந்த சோலியச் சொல்லு."

"சோலி என்னன்னு கேளு மருதா."

மருதாத்தாள் கையில் இருந்த கூடையைப் பொத்தென்று வைத்தாள். "ஏனுங்க, ஒரே ஷெட்டுக்குள்ள நின்னுக்கிட்டு எங்களை ஃபோன் கம்பி ஆக்கறீங்க? வெக்கமா இல்லீங்களா?"

ஆர்த்திதான் நேரே போய் சின்னமுத்துவின் எதிரில் நின்றாள். இரண்டு எண்களையும் சொன்னாள். சாயங்காலத்து ரிவ்யூவையும் மறைக்கவில்லை.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த நிசப்தத்தில் கூரையின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"டிஓபி ஒரு சொட்டு என்ற ஷெட்டுக்குள்ள வரலீங்க அம்மிணி. போன வருசமே நிறுத்தியாச்சு. ட்ரம்மு அங்க நிக்குது. நம்பிக்கை இல்லைன்னா பாத்துக்கோங்க."

கடைசி வாக்கியம் குத்தியது. இருந்தாலும் ஆர்த்தி போய்ப் பார்த்தாள். பார்ப்பதுதான் அவள் வேலை.

ட்ரம்மில் ஒட்டியிருந்த தாளில் ஓர் எண் இருந்தது. இந்த எண்கள் ஓர் அருமையான ஏற்பாடு. ஒரே வேதிப்பொருளை வியாபாரி ஒரு பெயரில் விற்பான், ஆய்வகம் இன்னொரு பெயரில் எழுதும், பாடப்புத்தகம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். டிஓபிக்கே அப்படிப் பல பெயர்கள் உண்டு. ஆனால் உலகம் முழுக்க அதற்கு ஒரே எண். மொழி தெரியாதவர்களும் அந்த எண்ணை வைத்து ஏமாறாமல் இருக்கலாம். ட்ரம்மில் இருந்தது டிஓபியின் எண் அல்ல. அனுமதிக்கப்பட்ட புது எண்ணெயின் எண்தான்.

"சரியாத்தான் அத்தான் இருக்கு" என்றாள்.

"பின்னே? நீ சொன்னபடி தானே அம்மிணி லேபுக்கும் அனுப்புனேன்."

"நான் என்ன சொன்னேன்?"

சின்னமுத்து மனைவியைப் பார்த்தார். மருதாத்தாள் ஃபோனை எடுத்துத் தேடி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ஆர்த்தியின் குரல் ஷெட்டில் ஒலித்தது: 'அத்தான், பொருள்ல எடைக்குப் புள்ளி ஒண்ணு சதவீதத்துக்கு மேல டிஓபி இருக்கக் கூடாதாம். பொருள அரைச்சு லேபுல குடுத்துப் பாத்துருங்க.'

"பொருளை அரைச்சேன். குடுத்தேன்" என்றார் சின்னமுத்து.

"எந்தப் பொருள அத்தான்?"

"எந்தப் பொருளா? கேக்கறதப் பாரு. நாம இங்க என்ன முறுக்கா சுடறோம்? இதா, இந்தப் பொருளு!" ஒரு புஷ்ஷை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். கறுப்பு உடம்பு, சிவப்புக் கழுத்து.

ஆர்த்தி அதை வாங்கிக்கொள்ளாமலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூரியநெல்லியில் வளர்ந்து, தமிழ்வழிப் பள்ளியில் வேதியியல் படித்தவள் அவள். பொருள் என்றால் அவளுக்கு இரும்பு, ரப்பர், உப்பு. ஒன்று எதனால் ஆகியிருக்கிறதோ அது. இந்த ஷெட்டிலோ பொருள் என்றால் ஆகி முடிந்து, மூட்டை கட்டி, டெம்போவில் ஏறுகிற சாமான். 'பொருளு ஏத்தியாச்சா?' என்று தினமும் இவர்கள் கேட்டுக்கொள்வதை அவளே கேட்டிருக்கிறாள். இரண்டும் நல்ல தமிழ்தான்.

"ஏன் ஆர்த்தி இப்படி நிக்கறே?" என்றான் மணிகண்டன்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். செத்த இருங்க. அக்கா, ஒரு பிளேடு குடுங்க."

விதியில் இருந்த சொல் 'பொருள்' என்று மொட்டையாக நிற்கவில்லை. 'ஒருபடித்தான பொருள்' என்றுதான் அதற்கு அர்த்தம். அது எது என்பதையும் விதியை எழுதியவர்கள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருந்தார்கள்: திருகியோ, வெட்டியோ, நசுக்கியோ, அரைத்தோ, தேய்த்தோ வேறு வேறாகப் பிரிக்க முடியாத ஒன்று. அந்த வரையறையை ஆர்த்தி பலமுறை படித்திருக்கிறாள். ஆனால் அதன் அழகு இன்றைக்குத்தான் அவள் கைக்கு வந்தது. அதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம், பட்டம் வேண்டாம். ஒரு பிளேடு போதும். வெட்டினால் பிரிகிறதா? அப்படியென்றால் இரண்டு.

புஷ்ஷின் கழுத்தில் பிளேடு நுனியை நுழைத்து நெம்பினாள். சிவப்பு வளையம் முழுசாகக் கழன்று வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"ரெண்டு பொருள்" என்றாள். "இன்னும் கொஞ்சம் உரிக்கணும். ஒண்ணே ஒண்ணுன்னா எடை துல்லியமா வராது."

மருதாத்தாள் உட்கார்ந்தாள். மணிகண்டனும் உட்கார்ந்தான். இடம் வேறு இல்லாததால் சின்னமுத்து தம்பியின் பக்கத்திலேயே உட்கார வேண்டி வந்தது. நான்கு பேரும் வளையம் உரித்தார்கள்.

"கையை அறுத்துக்காதடா" என்றார் சின்னமுத்து, யாரையும் பார்க்காமல்.

"இல்லீங்ணா."

மருதாத்தாள் ஆர்த்தியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

சாயம் நிறுக்கும் சின்னத் தராசை ஆர்த்தி துடைத்து வைத்தாள். உரித்த பத்துப் புஷ்களின் கறுப்பும் சிவப்பும் சேர்த்து முப்பது கிராம். சிவப்பு மட்டும் இரண்டு.

"பதினஞ்சுல ஒரு பங்கு!" அவள் குரல் கூரைக்குப் போனது. "பாத்தீங்களா? பெங்களூர்க்காரங்க வளையத்தைத் தனியா உரிச்சுப் பாத்திருக்காங்க. அதுல புள்ளி ஆறு. நாம எல்லாத்தையும் சேத்து அரைச்சோம். கறுப்புல ஒண்ணும் இல்ல. அதனால வளையத்துல இருக்கது பதினஞ்சு பங்காக் கரைஞ்சு போச்சு. புள்ளி ஆறைப் பதினஞ்சால வகுங்க."

மணிகண்டன் விரலில் கணக்குப் போட்டான். "புள்ளி பூஜ்யம் நாலு."

"ரெண்டு லேபும் சரி. யாருமே தப்பு இல்ல!"

"இது எப்படின்னா," என்றாள் மருதாத்தாள், "விருந்துல பச்சடில மட்டும் உப்பை அள்ளிப் போட்டுட்டான்னு வெச்சுக்க. சோறு, பொரியல், பாயசம் எல்லாத்தையும் ஒரே அண்டால கொட்டிக் கலக்கி ருசி பாத்தா, உப்புச் சரியாத்தான் இருக்கும்."

"அதேதான் அக்கா. ஆனா இலைல உக்காந்தவங்களுக்குப் பச்சடி தனியாத்தானே வரும்?"

குழந்தையின் பக்கத்தில் இருக்கப்போவது சராசரி அல்ல, அந்த வளையம். தரநிலையை எழுதியவர்கள் இதைத்தான் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். கனமான சாமானுக்குள் ஒரு சின்ன விஷத்தைக் கரைத்து மறைக்க முடியாதபடி அந்த ஒரே வரையறை பார்த்துக்கொள்கிறது.

சின்னமுத்து மட்டும் சிரிக்கவில்லை. உரித்த வளையங்களை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார். "எல்லாஞ் சரி அம்மிணி. ஆனா வளையத்துக்கும் இதே ட்ரம்மு எண்ணெய்தானுங்களே ஊத்தறேன். அதுல மட்டும் எப்படி?"

நியாயமான கேள்வி. ஆர்த்தி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே பிவிசி. அதே எண்ணெய். வித்தியாசம் நிறம் ஒன்றுதான்.

"கறுப்பு எப்படி வருது அத்தான்?"

"குருணையா வரும். மூட்டைல."

"சிவப்பு?"

"பசையா. டின்னுல."

டின்னைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் குங்குமக் குழம்பு போல இருந்தது பசை. மேலே மெல்லிய படலமாக எண்ணெய் தேங்கியிருந்தது. பொடி தானாகப் பசை ஆகாது. அதை ஏதோ ஓர் எண்ணெயில் அரைத்திருக்க வேண்டும். எந்த எண்ணெயில்? டின்னைச் சுற்றித் திருப்பிப் பார்த்தாள். நிறத்தின் பெயர் இருந்தது. எண் இல்லை.

"அத்தான், டிஓபிய நீங்க வாசல்ல நிறுத்திட்டீங்க. அது சாயத்துக்குள்ள ஒளிஞ்சு ஜன்னல் வழியா வந்துருக்கு. சோதிச்சாத்தான் உறுதி. ஆனா வேற வழியே இல்ல."

அந்த டின் எங்கிருந்து வருகிறது என்று ஆர்த்தியைத் தவிர மூன்று பேருக்கும் தெரியும்.

"என்ற தம்பிகிட்டத்தான் வாங்கறோம்" என்றாள் மருதாத்தாள். பக்கத்திலேயே இருக்கும் சித்தூரில் சாயக்கடை வைத்திருக்கும் முனீஸ்வரன். அவள் முகம் மாறிவிட்டது. "அவன் ஏமாத்தறான்னு சொல்றியா?"

"இல்லக்கா. அவர் ஒண்ணும் மறைக்கல. பசைல என்ன எண்ணெய்னு அவர்கிட்ட யாராச்சும் கேட்டோமா? எண்ணெய் எதுன்னு எண்ணெய்க்காரர்கிட்ட மட்டும்தான் கேட்டோம். நானும் அப்படித்தான் சொல்லிவிட்டேன்."

மருதாத்தாள் தம்பிக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள். இந்த முறை மணியே அடிக்கவில்லை.

"கஞ்சிக்கோட்டுல பாதி ஷெட்டுக்கு அவன்தான் சாயம் போடறான்" என்றாள் மெதுவாக. பிறகு டின்னை மூடி, ஒரு பையில் போட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"நானும் வர்றேன்" என்று எழுந்தார் சின்னமுத்து.

"மதி, மதி, நீங்க வர வேண்டாம். நீங்க போனா மாமன் மச்சான் சண்டை ஆயிரும். அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஸ்கூட்டர் பனைமரங்களுக்கு நடுவே போய் மறைந்தது.

ஆர்த்தி மாதுரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். மறுமுனையில் கைதட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டு லேபும் சரியாக்கும்! அடடா, எனக்கு இப்போத்தான் மூச்சு வந்தது. பொருள்ங்கிற வார்த்தைலேயா விழுந்தோம்? ஆர்த்தி, ஒரு காரியம் பண்ணுங்கோ. சின்ன ஷெட்டுகளுக்கு ஒரு வழிகாட்டி எழுதற குழுவுல நானும் இருக்கேன். வரைவை இப்போ எல்லாரோட கருத்துக்கும் வெச்சிருக்கு. நீங்க இதை எழுதி அனுப்பணும்."

"நானா? நான் அனுப்பினா யார் படிப்பாங்க?"

"படிச்சே ஆகணும். அதாக்கும் முறை. பெரிய கம்பெனி அனுப்பினாலும் சரி, கொழிஞ்சாம்பாறைலேர்ந்து வந்தாலும் சரி, ஒவ்வொரு கருத்தையும் எடுத்து, ஏத்துண்டோமா இல்லையா, ஏன்னு குழு பதில் எழுதணும். ஆனா நம்ம பக்கமும் ஒரு கடமை உண்டு. 'இந்த வாக்கியம் சரியில்லை'ன்னு குறை மட்டும் பறஞ்சா போறாது. அதுக்குப் பதிலா எந்த வாக்கியம் வரணும்னு நாமளே எழுதித் தரணும்."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த மணிகண்டன், "இந்த விதிய நம்ம ஊட்டுக்கும் வெச்சா நல்லா இருக்குமுங்களே" என்றான்.

"நீ மொதல்ல எழுதுடா" என்றார் சின்னமுத்து. தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

மணிகண்டன் சிரித்தான். எழுந்து போய் அண்ணன் கூடவே இயந்திரத்தின் உருளையைக் கழற்ற ஆரம்பித்தான். பழைய சிவப்பு ஒரு துளி உள்ளே ஒட்டியிருந்தாலும் புது வளையம் கெட்டுப்போகும். அதைக் கழுவி எடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

ரிவ்யூ முடிந்து மாதுரி அழைத்தாள். சின்னமுத்துவின் பெயரை எடுக்கவில்லை. காரணமும் திருத்தமும் தெளிவாக இருந்ததால் புது வளையத்தின் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள். முன்பு அனுப்பிய புஷ்கள் இன்னும் பெங்களூர்க் கிடங்கில்தான் இருந்தன. அவை அத்தனையையும் மாற்றித் தர வேண்டும்.

"மாத்தித் தர்றனுங்க" என்றார் சின்னமுத்து ஃபோனைப் பார்த்து. பிறகு வாசலைப் பார்த்தார். மருதாத்தாள் இன்னும் திரும்பவில்லை. கூப்பிட்டால் அவளுடைய ஃபோனிலும் இப்போது மணி அடிக்கவில்லை.

ஆர்த்தி உரித்த வளையங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, குழுவுக்கான மாற்று வாக்கியத்தை ஃபோனில் தட்டினாள். முதலில் 'பொருள்' என்று வந்தது. அதை அழித்தாள். சின்னமுத்துவிடம் படித்துக் காட்டி, அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டிய பிறகுதான் அனுப்பினாள்:

'சாமானை முழுசாக அரைத்துச் சோதிக்க வேண்டாம். கத்தியால் பிரிக்க முடிந்த ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பிரித்து, தனியாகச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் 0.1 சதவீதமே எல்லை. பிளாஸ்டிக்கில் ஊற்றும் எண்ணெயின் எண்ணைக் கேட்பது போலவே, சாயப் பசையை அரைத்த எண்ணெயின் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். எண் தெரியாத பசையை விட்டுவிட்டு, சாயத்தைப் பொடியாக வாங்கி, அனுமதிக்கப்பட்ட எண்ணெயில் ஷெட்டிலேயே அரைத்துக்கொள்ளலாம்.'